புன்னைமேட்டு மண்டபத்தின் கதவு

மண்டபத்துச் சாவி ஒன்றரை வருடமாகப் பிரிசில்லாவின் கைப்பையில் கிடந்தது. உள்ளங்கை நீளத்துக்குப் பித்தளைச் சாவி. புன்னைமேட்டுக்குக் கிராம நிர்வாக அலுவலராக அவள் வந்த புதிதில் வட்டாட்சியர் அதை அவளிடம் கொடுத்து, "என் கையெழுத்து இல்லாம இந்தக் கதவு திறக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பூட்டின் மேல் துணியைச் சுற்றி அரக்கு முத்திரை வைத்ததும் அவர்தான். அதற்குப் பிறகு அந்தச் சாவிக்கு வேலையே இல்லை.

2011 டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி பிற்பகல் வேலை வந்தது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் குடிகாட்டு ரசாயன ஆலைகளைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால், கப்பிச் சாலையின் முடிவில் புன்னைமேடு. ஊரின் நடுவே திரௌபதியம்மன் கோயில். கோயில் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதன் முன்னால் நிற்கும் மண்டபத்துக்கு மட்டும் நூறு வயதுக்கு மேல் இருக்கும் என்பார்கள். உப்பனாற்றில் படகேறி வந்த கருங்கற்களைக் காலனிக்காரர்களின் முன்னோர் கயிறு கட்டி இழுத்து வந்து தூணாக நிறுத்தினார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொடுத்தார்கள். பாரதம் படித்தது, பஞ்சாயத்துப் பேசியது, கல்யாணம் நடந்தது, ஓட்டுப் போட்டது எல்லாம் அங்கேதான். 2004இல் சுனாமி வந்தபோது கரையோரக் குப்பங்களுக்கு அந்த மண்டபத்தில்தான் சோறாக்கி டிராக்டரில் அனுப்பினார்கள். ஓட்டுப் போடவும் சொட்டு மருந்துக்கும் காலனிக்காரர்கள் உள்ளே போனார்கள். பாரதம் கேட்பதானால் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

2010 வைகாசியில் கும்பாபிஷேகம் நடந்தது. தர்மகர்த்தா கதிர்வேல் மண்டபச் சுவரில் கோயில் வரலாற்றைக் கல்லில் வெட்டிப் பதித்தார். பத்துப் பன்னிரண்டு வரிகள். அதில் ஒரு வரி: '1972ஆம் ஆண்டுப் புயலில் கிராம மக்கள் அனைவரையும் காத்த மண்டபம்.'

காலனி ஆண்டி அந்த வரியைப் படித்தார். ஆலையொன்றில் பாய்லர் வேலை பார்ப்பவர், ஐம்பதைத் தொட்டவர். எழுபத்திரண்டு புயலில் அவர் சிறுபையன். குடிசைகள் பறந்ததும் அவருடைய அம்மா அவரையும் அக்கா விருத்தாம்பாளையும் இழுத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினாள். காலனியில் இன்னும் பலரும் ஓடினார்கள். கதவுக்கு உள்ளே குறுக்காகக் கணைய மரம் போட்டிருந்தது. தட்டினார்கள், கத்தினார்கள். கதவு திறக்கவில்லை. விடிந்தபோது படியிலும் படிக்குக் கீழே தண்ணீரிலும் ஏழு பேர் செத்துக் கிடந்தார்கள். விருத்தாம்பாள் அவர்களில் ஒருத்தி.

ஆண்டி நேராகக் கதிர்வேலிடம் போனார்.

"காத்த மண்டபம்னு போட்டுக்க. வேணாங்கல. அனைவரையும்ங்கிற வார்த்தைய மட்டும் எடுத்துடு."

"கல்லுல வெட்டுனத எப்பிடிப்பா எடுக்கிறது? ஒரு வார்த்தைக்காகவா இவ்ளோ தூரம் வந்த?"

"ஒரு வார்த்தைதான? எடுத்துடு."

கதிர்வேல் எடுக்கவில்லை. அடுத்த வாரம் காலனிப் பையன்கள் உளியோடு வந்தார்கள். ஊர்ப் பையன்கள் மறித்தார்கள். கல் பறந்தது, மண்டை உடைந்தது, போலீஸ் வந்தது. சமாதானப் பேச்சு நடந்து முடியும்வரை மண்டபம் பூட்டியிருக்கட்டும் என்று முத்திரை விழுந்தது. அம்மனுக்குப் பூசை கோயிலின் பின்வாசல் வழியாக நடந்தது. பேச்சு மட்டும் முடியவேயில்லை.

இப்போது தானே புயல் கடலூரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

மத்தியானத்திலிருந்து பிரிசில்லா வட்டாட்சியரின் எண்ணை அழுத்திக்கொண்டேயிருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கட்டுப்பாட்டு அறையில் யாரோ எடுத்து, "மேடான எடத்துல ஸ்கூல் இருந்தா அதுல வைங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்கள். அவளோடு நின்ற தலையாரி லோகநாயகி பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். கணவன் செத்து வாரிசு வேலையில் வந்த ஊர்க்காரப் பெண் அவள்.

"ஸ்கூல் மேல ஷீட்டு மேடம். இப்பவே படபடன்னு அடிக்குது பாருங்க. நம்ம ஊர்ல தாங்குற கட்டடம்னா அது ஒண்ணுதான்."

எது என்று அவள் பெயர் சொல்லவில்லை.

கதிர்வேலும் நாலைந்து பேரும் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். மழை இன்னும் வலுக்கவில்லை. காற்று மட்டும் தரையோடு ஓடி மணலை முகத்தில் வீசியது.

"சாவியக் குடுங்க மேடம். பொம்பளப் புள்ளைங்கள உள்ள வெச்சிக்கிறோம்."

"காலனிக்காரங்க?"

"அவுங்களுக்குத்தான் ஸ்கூல் இருக்குதே."

"ஸ்கூல்ல உங்க பேரப்புள்ளைய இன்னிக்கு விடுவீங்களா சார்?"

கதிர்வேலுக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவன், "நீங்க யாரு, எங்கேருந்து வந்தீங்கன்னு எங்களுக்குத் தெரியும் மேடம். அதான் அவுங்களுக்கே பேசுறீங்க" என்றான்.

பிரிசில்லா காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் காலனியிலிருந்து வந்தவள். அப்பா மாதா கோயிலில் மணியடிப்பவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பேச்சை அவள் கேட்டிருக்கிறாள். வழக்கமாகக் கீழே குனிந்து காகிதத்தைப் பார்ப்பாள். அன்று பார்க்கவில்லை.

"திறந்தா எல்லாருக்கும் திறப்பேன். இல்லன்னா யாருக்கும் இல்ல. சீக்கிரம் சொல்லுங்க, நேரமில்ல."

வெளியே முருங்கைமரம் ஒன்று முறிந்து விழும் சத்தம் கேட்டது. கதிர்வேல் சத்தம் வந்த திசையைப் பார்த்தார். பிறகு, "திறங்க" என்றார்.

அரக்கை அவளே உடைத்தாள். லோகநாயகி கல்லை எடுத்தபோதுகூடக் கையைத் தட்டிவிட்டாள். நாளைக்குக் கேள்வி வந்தால் ஒருத்திக்கு வரட்டும் என்று நினைத்தாள். பூட்டு துருப்பிடித்திருந்தது. மூன்றாவது முறை திருகியபோதுதான் விட்டது. உள்ளே வௌவால் நாற்றமும் குளிர்ச்சியும். சுவரில் அந்தக் கல் பளபளவென்று இருந்தது.

பிறகு அவளும் லோகநாயகியும் காலனிக்குப் போனார்கள். பெரும்பாலோர் மூட்டையைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார்கள். ஆண்டி மட்டும் தன் தொகுப்பு வீட்டு வாசலில் கைகட்டி நின்றார்.

"நீங்க போங்க. நான் வரல."

"அண்ணே, காத்து விடிகாலையிலதான் முழுசா அடிக்குமாம். இந்தக் கூரை தாங்காது."

"கான்கிரீட்டு. தாங்கும்."

"விரிசல் விட்டிருக்குதே. வெளிலேருந்தே தெரியுது."

"மேடம், அந்தப் படியில எங்கக்கா கெடந்தா. வாயில மண்ணு. நான் பக்கத்துல உக்காந்து தொடச்சிக்கிட்டே இருந்தேன். அந்தப் படிய மிதிச்சி உள்ள போயி, அவுங்க பக்கத்துல உயிர் பொழச்சி உக்காரணுமா? என்னால முடியாது."

பிரிசில்லா திரும்பினாள். ஆண்டியின் தம்பி மகன் கொளஞ்சி பக்கத்தில் நின்றான். ஆட்டோ ஓட்டுபவன். இடுப்பில் மகள், பின்னால் மனைவி புஷ்பவள்ளி.

"நீயாவது வாப்பா. குழந்தை இருக்குதுல்ல."

கொளஞ்சி பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தான். "அவரத் தனியா உட்டுட்டு எப்பிடி மேடம் வருவேன்?"

ஆண்டி அவனைப் போகச் சொல்லவில்லை. கொளஞ்சி நின்றதால் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் நின்றார்கள். அவர்களை விட்டுவிட்டு வருவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

மண்டபத்தில் ஊர்க்காரர்கள் தெற்குச் சுவரோரம் பாய் விரித்தார்கள். காலனிக்காரர்கள் வடக்கே உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு வெறும் தரை. யாரும் கோடு போடவில்லை, ஆனாலும் அந்த இடத்தில் யாரும் கால் வைக்கவில்லை. குழந்தைகள் உருண்டு அந்தப் பக்கம் போனால் தாய்மார் இழுத்துக்கொண்டார்கள். கணைய மரத்தைப் போட்டுவிட்டுக் கதிர்வேல் கதவுக்குப் பக்கத்திலேயே தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். வீட்டுக்கு வரச் சொல்லி மகன் கூப்பிட்டபோது போகவில்லை. அவருடையது மாடி வீடு. அவர் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பிரிசில்லாவுக்குப் புரியவில்லை.

அந்த இரவு எப்படிப் போனது என்று பின்னால் யாராலும் கோவையாகச் சொல்ல முடியவில்லை. விடிகிற நேரத்தில் காற்று காற்றாகவே இல்லை. ஒரு லாரி ஓயாமல் சுவரில் வந்து மோதுவதுபோல் இருந்தது. பின்கட்டின் ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. கிழக்கே பார்த்த முன்கதவின் இரண்டு பலகைகளும் உள்பக்கம் வளைந்து, கணைய மரம் முனகியது. இடுக்கு வழியாகச் சாம்பல் வெளிச்சமும் தண்ணீரும் வந்தன.

அப்போதுதான் தட்டும் சத்தம் கேட்டது.

கிளை மோதுகிறது என்று முதலில் நினைத்தார்கள். மறுபடி கேட்டது. ஒழுங்கில்லாமல், வேகவேகமாக. அதோடு ஒரு பெண்ணின் குரல்.

"கதவத் தொறங்க! புள்ள இருக்குது! கதவத் தொறங்க!"

வடக்குப் பக்கம் மொத்தமும் எழுந்து நின்றது. "புஷ்பவள்ளி கொரலு!" என்று ஒருத்தி அலறினாள். பிரிசில்லா கதவுக்கு ஓடினாள். ஊர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் அவளுக்கு முன்னால் வந்து கணைய மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்கள்.

"தொறக்காதீங்க மேடம்! தொறந்தா காத்து உள்ள பூந்துடும். மேல்தளத்தத் தூக்கிடும். உள்ள இருக்கிற அத்தன பேரும் சாவோம்."

"கைய எடுங்க."

"முந்நூறு பேரு இருக்குறோம் மேடம்! யோசிங்க!"

அவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளை உறைய வைத்தது. கதவு பிய்ந்து போனால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது. தளத்திலிருந்து சுண்ணாம்பு ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருந்தது. குழந்தைகள் வீறிட்டன. பெண்களில் சிலர் "தொறங்க" என்றார்கள், சிலர் "வேணாம்" என்றார்கள். ஊர்ப் பக்கத்தில் தொறங்க என்றவர்களும் உண்டு. காலனிப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு பேசாமல் நின்றவர்களும் உண்டு.

தட்டும் சத்தம் தளர்ந்தது.

கதிர்வேல் தூணைப் பிடித்து எழுந்தார். கணைய மரத்தைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன் அவருடைய அக்கா மகன்.

"கைய எடுறா."

"மாமா, நீங்க வேற. தளம் போயிடும் மாமா."

"எழுவத்திரண்டுலயும் இதத்தாண்டா சொன்னாங்க. இதே வார்த்த. நான் இங்கதான், இந்த எடத்துலதான் உக்காந்திருந்தேன். மரத்தப் புடிச்சிக்கடான்னு எங்கப்பா சொன்னாரு. புடிச்சிக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரத்துல தட்டுறது நின்னுடுச்சி." அவர் மரத்தின் மேல் தன் கையை வைத்தார். "நிக்கிறதுக்குள்ள கைய எடு."

மருமகன் கையை எடுத்தான். மற்றவனும் விலகினான்.

காற்றின் அழுத்தத்தில் கணைய மரம் இறுகிக் கிடந்தது. கதிர்வேலும் பிரிசில்லாவும் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை. கதவை வெளிப்பக்கமாகத் தள்ளினால்தான் மரம் தளரும் என்று புரிந்து, காலனி ஆட்கள் நாலு பேர் அந்த வெறும் தரையைத் தாண்டி ஓடிவந்து தோளைக் கொடுத்தார்கள். ஊர்ப் பக்கத்திலிருந்தும் சிலர் வந்தார்கள். "இப்போ!" என்று யாரோ கத்தினார்கள். மரம் எழும்பியது.

கதவு வெடித்ததுபோல் திறந்தது. வலப்பக்கப் பலகை கீல் தெறித்துக் கதிர்வேலின் கைமேல் விழுந்து அவரைத் தூணோடு நசுக்கியது. எலும்பு முறிந்த சத்தம் அந்தக் காற்றிலும் பிரிசில்லாவுக்குக் கேட்டது. புஷ்பவள்ளி குழந்தையோடு தவழ்ந்தே உள்ளே வந்தாள். பின்னால் இரண்டு வீட்டு ஆட்கள், ஒருவர் வேட்டியை ஒருவர் பிடித்துக்கொண்டு. கடைசியில் ஆண்டி. படியில் நின்று திரும்பி வெளியே பார்த்தார். பிரிசில்லா அவருடைய சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"கொளஞ்சி எங்க?"

ஆண்டி வெளியே கையைக் காட்டினார்.

"புளியமரம்" என்றார். "எங்கள முன்னால தள்ளிட்டு அவன் பின்னால வந்தான். மரம் சாஞ்சிடுச்சி. தூக்கிப் பாத்தேன். என்னால தூக்க முடியல."

அதைக் கேட்டு நிற்க நேரமில்லை. உள்ளே புகுந்த காற்று பாய்களையும் பாத்திரங்களையும் சுருட்டி அடித்தது. கதவுப் பலகையை நிமிர்த்தி வைத்து ஆண்கள் முதுகைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு முதுகு கொடுத்து வேறு ஆண்கள். அப்புறம் பெண்களும். யார் முதுகு யாருடையது என்று யாரும் பார்க்கவில்லை. ஆண்டியும் முதுகு கொடுத்தார். லோகநாயகி தன் முந்தானையைக் கிழித்துக் கதிர்வேலின் கையைக் கட்டினாள். தளம் நின்றது. எப்படி நின்றது என்று புரியாமல், பின்னால் வந்து பார்த்த பொறியாளர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

காற்று தணிந்ததும் எல்லோரும் வெளியே வந்தார்கள். ஊரில் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. கொளஞ்சியின் மேலிருந்து மரத்தை அறுத்து எடுக்க ஊர்க்காரர்கள்தான் ரம்பம் கொண்டுவந்தார்கள். புஷ்பவள்ளி அழவில்லை. அவன் நெற்றியில் ஒட்டியிருந்த புளிய இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேயிருந்தாள். ஆண்டி அருகே வரவில்லை. தூரத்தில், தன் வீட்டுச் சுவர் மட்டும் நின்ற இடத்தில், குந்தியிருந்தார்.

பொங்கலுக்குப் பிறகு பிரிசில்லாவுக்கு மெமோ வந்தது. அனுமதியின்றி முத்திரையை உடைத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். அவளைத் திட்டாமல் கையெழுத்துப் போட்ட அதிகாரி, "திறந்தாலும் மெமோதான், திறக்கலன்னாலும் மெமோதான். மனசுல வெச்சிக்காதம்மா" என்றார்.

மாசியில் கடலூர் கோட்டாட்சியர் முன்னால் சமாதானக் கூட்டம் கூடியது. கதிர்வேல் கையில் மாவுக்கட்டோடு வந்தார். கேட்பதற்கு முன்பே பேசினார்.

"அந்தக் கல்ல எடுத்துடுறோம் சார். வேற கல்லு வெக்கிறோம். எழுவத்திரண்டு புயல்ல கதவு திறக்காம வாசல்ல செத்தவங்கன்னு போட்டு, ஏழு பேரு பேரையும் போடுறோம். கல்லு இழுத்தவங்களையும் போடுறோம்."

அவர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் துள்ளி எழுந்தார்கள். அக்கா மகன் அவருடைய தோளைப் பிடித்தான். "மாமா, என்ன பேசுறீங்க? நம்மதான் கொன்னோம்னு ஆயிடும். நாளைக்கு நம்ம புள்ளைங்க அத படிக்கும்."

"கொன்னோம்னு போடல. கதவு திறக்கலன்னு போடுறோம். அது நடந்தது. படிக்கட்டும்."

மூன்று பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சரி என்றார்கள். கோட்டாட்சியர் காலனிப் பக்கம் திரும்பினார். இளைஞன் ஒருவன் எழுந்தான்.

"ஏழு இல்ல சார், எட்டு. கொளஞ்சி அண்ணன் பேரும் வரணும்."

"ஆமா, வரணும்" என்று பலரும் சொன்னார்கள். கதிர்வேல் மறுக்கவில்லை. எழுதுபவர் பேனாவை எடுத்தார்.

அதுவரை சுவரோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்த ஆண்டி எழுந்தார்.

"வேணாம். அவன் பேரு அதுல வேணாம்."

"பெரியப்பா, என்ன சொல்றீங்க?" என்றான் அந்த இளைஞன்.

"எங்கக்கா கதவு திறக்காம செத்தா. கொளஞ்சிக்கு முந்தின நாளே கதவு திறந்திருந்துச்சி. மேடம் வந்து கூப்பிட்டாங்க. நான் போன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருப்பான். சொல்லல. அவன் கணக்க அவுங்க தலையில எழுதாதீங்க."

புஷ்பவள்ளி ஆண்டியைப் பார்த்தாள். கூட்டத்துக்கு வந்ததிலிருந்து அவரை அவள் பார்த்தது அப்போதுதான். அவள் கண்ணில் மன்னிப்பு இருந்ததா என்று பிரிசில்லாவால் சொல்ல முடியவில்லை. கோபம் இல்லாமல் இல்லை. ஏழு பெயர்கள் என்றே எழுதிக்கொண்டார்கள்.

சித்திரையில் பிரிசில்லாவுக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம் மாறுதல் வந்தது. தண்டனையா சலுகையா என்று யாரும் சொல்லவில்லை. அப்பாவின் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போனாள்.

ஆடியில் ஒரு நாள் லோகநாயகி போன் செய்தாள்.

"கல்லு வெச்சாச்சி மேடம். காலனிக்காரங்க எல்லாரும் முன்வாசலாலதான் வந்தாங்க. இன்னிக்குப் பாரதம் ஆரம்பம். எங்காளுங்க கொஞ்ச பேரு வரமாட்டோம்னு வீட்டுலயே உக்காந்துட்டாங்க. வந்தவங்க வந்தாங்க."

"கதிர்வேல் சார்?"

"கை சரியா மடங்கல. ஆனா வந்து நின்னாரு."

"ஆண்டி அண்ணன்?"

"அவரு வரல மேடம். புஷ்பவள்ளிய கூட்டிக்கிட்டு கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்காரு. சத்துணவுல வேல கேட்டு மனு குடுக்கணுமாம். நாலாவது தடவையா போறாரு."

"அவ அவரு கூடப் போறாளா?"

"போறா. பஸ்ல பேசிக்க மாட்டாங்களாம். ஆனா போறா."

பிரிசில்லா மனுவை மேல்தளத்தில் எந்தப் பிரிவில் கொடுக்க வேண்டும், கூட என்னென்ன சான்று வைக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். லோகநாயகி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனதில் வாங்கிக்கொண்டாள்.